பிம் இல்லாத டி செல்: எண்ணிக்கை கூடுது சரி, நினைவு கூடுதா?

#1 நிணநீர்

எல்சிஎம்வி ஆர்ம்ஸ்ட்ராங் வைரஸ் போட்ட எலியில் எட்டாம் நாள் வாக்கில் சிடி8 டி செல்கள் (கிருமி புகுந்த செல்லைக் கொல்லும் வெள்ளணுக்கள்) உச்சத்தைத் தொடும். அடுத்த இரண்டு மூன்று வாரத்தில் அதில் 90 முதல் 95 சதவீதம் காணாமல் போகும். மிச்சம் நிற்கும் 5–10 சதவீதம்தான், அதே கிருமி மறுபடி வந்தால் வேகமாகப் பெருகும் நினைவு செல்கள். இந்தச் சுருக்கத்தில் பெரும்பங்கு செல்லை உள்ளிருந்து சாகவைக்கும் பிம் என்ற புரதத்தின் வேலை, வெளியிலிருந்து சாவுக் கட்டளை வாங்கும் ஃபாஸ் ஏற்பியின் வேலை அல்ல என்ற அளவுக்கு எல்லோரும் ஒப்புக்கொள்கிறார்கள்.

அப்படியானால் பிம்மை எடுத்துவிட்டால் நினைவு பல மடங்காக வேண்டும் அல்லவா?

சோதனைத் திட்டம்: ஜிபி33 பெப்டைடை (அந்த வைரஸ் புரதத்தின் ஒரு துண்டு) அடையாளம் காணும் பி14 டி செல்கள், பிம் உள்ளவையும் பிம் இல்லாதவையும் பாதிக்குப் பாதி கலந்து ஒரே எலிக்குள். வைரஸ் 2 லட்சம் பிஎஃப்யு (தொற்றும் திறன் உள்ள வைரஸின் எண்ணிக்கை அலகு), வயிற்றுக்குள் ஊசி. 8, 15, 22, 45-ஆம் நாள்களில் மண்ணீரல்.

மூன்று சந்தேகங்கள். எட்டாம் நாளில் அனெக்சின்-வி (சாகும் செல்லைக் காட்டப் பயன்படும் புரதம்) பாசிட்டிவ் 40 சதவீதம் என்று வந்தால் அதில் நிஜமாகச் சாவது எவ்வளவு? எத்தனை செல் ஏற்றுவது? 45-ஆம் நாளில் பிம் இல்லாத பக்கம் கூடுதலாக நின்றால் அதை "கூடுதல் நினைவு" என்று எழுதலாமா?

#2 கேட்டிங்காரன்

முதல் சந்தேகத்துக்குக் கருவி வேண்டாம், காகிதமும் பேனாவும் போதும்.

8-ஆம் நாள் 100 செல், 22-ஆம் நாள் 5 செல்னு வைங்க. 14 நாள்ல 20 மடங்கு சரிவு. 20-க்கு இயல் மடக்கை கிட்டத்தட்ட 3. அதை 14-ஆல வகுத்தா நாளுக்கு 0.214. செல் சாக ஆரம்பிச்சு மேக்ரோஃபேஜ் அதை விழுங்கறதுக்கு முன்னாடி நம்ம கண்ணுக்குத் தெரியற நேரம் 2 மணின்னு எடுத்துக்கலாம், அதாவது ஒரு நாள்ல பன்னிரண்டில் ஒரு பங்கு. 0.214-ஐ 12-ஆல வகுங்க: 1.8 சதவீதம். எந்த நேரத்துல எலியைத் திறந்தாலும் செத்துட்டிருக்கற செல் நூத்துக்கு ரெண்டுகூட தேறாது.

இப்போ உங்க 40 சதவீதத்தை அதே கணக்குல போடுங்க. 0.4 பெருக்கல் 12, நாளுக்கு 4.8. அப்படின்னா ஒன்பதாம் நாள் காலைல நூத்துல ஒரு செல்கூட மிஞ்சாது. ஆனா மிஞ்சுது. ஆக, அந்த 40-ல பெரும்பகுதி சாவு இல்லை.

அப்புறம் என்ன அது? செல் சவ்வோட உள்பக்கக் கொழுப்பான பாஸ்ஃபாடிடைல்செரீன் வெளிப்பக்கம் திரும்பினா அனெக்சின் ஒட்டும், அவ்வளவுதான். ஆன்டிஜெனைப் பார்த்த சிடி8 செல் சாகாமலேயே அதை வெளியே காட்டும். ஜெர்மினல் சென்டர் (பி செல் பெருகித் தேர்வாகற இடம்) பி செல்லும் காட்டும். எட்டாம் நாள்ல இருக்கறதெல்லாம் கிளர்ந்த செல்தான், பின்ன எப்படி வராம இருக்கும்.

சாவைத்தான் அளக்கணும்னா வெட்டுப்பட்ட கேஸ்பேஸ்-3-க்கு (சாவை நடத்தற நொதி, வெட்டுப்பட்டாத்தான் வேலை செய்யும்) போங்க. உயிர்-சாவு சாயத்தை முதல்ல போட்டுட்டு, அப்புறம் ஃபிக்ஸ் (செல்லை நிலைநிறுத்த), பெர்ம் (சவ்வுல துளை போட), வெட்டுப்பட்ட வடிவத்தைப் பிடிக்கற ஏஎஸ்பி175 ஆன்டிபாடி. மேக்ரோஃபேஜ் குறிகளான சிடி11பி, எஃப்4/80 ரெண்டையும் விலக்கு வரிசைல சேருங்க. செத்த டி செல்லை விழுங்கின மேக்ரோஃபேஜ் சிடி8-உம் கேஸ்பேஸும் பாசிட்டிவா வந்து நிக்கும், பார்க்க அருமையான டேட்டா மாதிரியே இருக்கும்.

இன்னொண்ணு, எத்தனை ஈவென்ட் (கருவி எண்ணற செல்) எடுக்கறீங்க? பிம் இல்லாத பக்கம் 14 நாள்ல 100-லிருந்து 30-க்கு இறங்குதுன்னா நாளுக்கு 0.086, கண்ணுக்குத் தெரியறது 0.7 சதவீதம். 1.8-க்கும் 0.7-க்கும் நடுவுல உள்ள வித்தியாசத்தைத்தான் தேடறீங்க. 10,000 பி14 ஈவென்ட் எடுத்தா 180-க்கு 70, தெளிவா தெரியும். 500 எடுத்தா 9-க்கு 3 அல்லது 4. அதை வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது.

#3 நிணநீர்

கணக்கு புரிந்தது. அனெக்சினை மொத்தமாக விட்டுவிடலாமா?

#4 கேட்டிங்காரன்

விடவேண்டாம், இடம் மாத்துங்க. உடம்புக்குள்ள துப்புரவு வேகமா நடக்கறதாலதான் சாவு தெரியல. மண்ணீரல் செல்லை வெளியே எடுத்து, 10 சதவீதம் சீரம் சேர்த்த ஆர்பிஎம்ஐ வளர்ப்புக் கரைசல்ல, சைட்டோகைன் (ஐஎல்-7 மாதிரி செல்லுக்குச் செல் அனுப்பற குறிப் புரதம்) எதுவும் போடாம, 37 டிகிரில 5–6 மணி நேரம் விடுங்க. விழுங்க ஆள் குறைவு, பிழைக்கவைக்க ஐஎல்-7 இல்லை. சாகற நிலைல இருந்ததெல்லாம் இப்ப தெரியும். பக்கத்துக் குழில ஐஎல்-7 மில்லிக்கு 10 நானோகிராம், இன்னொண்ணுல ஐஎல்-15 அதே அளவு. 4 டிகிரில வச்ச குழி ஒண்ணு அடித்தளத்துக்கு. குழிகளுக்கு நடுவுல உள்ள வித்தியாசம்தான் உங்க டேட்டா, தனி ஒரு சதவீதம் இல்லை.

அனெக்சின் தாங்கல்: ஹெப்பெஸ் 10, சோடியம் குளோரைடு 140, கால்சியம் குளோரைடு 2.5, எல்லாம் மில்லிமோலார், பிஎச் 7.4. கால்சியம் இல்லாம அனெக்சின் ஒட்டாது. வழக்கமான ஸ்டெயினிங் பஃபர்ல 2 மில்லிமோலார் ஈடிடிஏ இருக்கும், அதைக் கழுவாம விட்டா கால்சியத்தை அது பிடிச்சுக்கும், சிக்னல் சரிஞ்சிடும். ரெண்டு தடவை கழுவுங்க. இருட்டுல 15 நிமிஷம், அறை வெப்பம், ஒரு மணிக்குள்ள கருவில ஓட்டிடணும்.

#5 எலிவீடு

செல் எண்ணிக்கை பற்றி.

10 லட்சம் பி14 ஏற்றினால் சோதனை முதல் நாளே கெட்டது. சாதாரண எலியில் ஜிபி33-ஐ அடையாளம் காணும் செல் மொத்தமே 100 முதல் 200 தான் இருக்கும். அதற்குப் பல ஆயிரம் மடங்கு ஏற்றினால் ஆன்டிஜெனுக்குப் போட்டி வந்துவிடும். உச்சம் முன்கூட்டியே வரும், சிடி127 (ஐஎல்-7 ஏற்பியின் பகுதி) உயர்ந்த செல்கள் அதிகமாகும், சுருக்கமே வேறு வடிவம் எடுக்கும். சுருக்கத்தைப் படிக்க வந்தவர் சுருக்கத்தையே மாற்றிவிட்டுப் படிப்பார்.

இரண்டு வகையும் சேர்த்து 5,000 முதல் 10,000. அதில் பத்தில் ஒன்றுதான் குடியேறும்.

அடையாளம் (சிடி45 என்ற மேற்பரப்புப் புரதத்தின் இரு வடிவங்கள்): ஒரு வகை சிடி45.1/45.1, மற்றது 45.1/45.2, ஏற்கும் எலி 45.2/45.2. கலவையை ஊசி போடும் முன் ஒரு சொட்டு எடுத்துக் கருவியில் ஓட்டிப் பாருங்கள். கலந்ததாக நினைத்தது 50:50, உண்மையில் 62:38 என்று இருந்தால் கடைசிவரை எல்லா விகிதமும் அந்தக் கோணலைச் சுமக்கும்.

பிம் இல்லாத எலியிலிருந்து எடுக்கும்போது சிடி44 குறைந்த (இன்னும் கிளராத) செல்களை மட்டும் பிரித்தெடுங்கள். அந்த எலிகளில் லிம்ஃபோசைட்டே கூடுதல், ஏற்கெனவே நினைவு போல வேடமிட்ட செல்களும் உண்டு. 6–8 வார வயதுக்குள் எடுங்கள். ஆண் எலி செல்லைப் பெண் எலிக்கு ஏற்றாதீர்கள், ஆணில் மட்டும் உள்ள எச்-ஒய் ஆன்டிஜெனால் மெல்ல நிராகரிக்கப்படும். அதைச் சுருக்கம் என்று எழுதியவர்கள் இருக்கிறார்கள்.

#6 திசுவாசி

எல்லோரும் மண்ணீரலையே சுற்றுகிறீர்கள். மண்ணீரலில் குறைந்ததெல்லாம் செத்ததா? போனதாக இருக்கக்கூடாதா?

2001-இலேயே தெரிந்துவிட்டது, நினைவு சிடி8 செல்கள் குடல், நுரையீரல், கல்லீரல் என்று நிணநீர் அல்லாத திசுக்களில் ஏராளமாகக் கிடக்கின்றன என்று. திசுவை நொதி போட்டுக் கரைத்து எண்ணும்போது அவற்றில் பெரும்பகுதி கையில் சிக்குவதே இல்லை, மைக்ரோஸ்கோப்பில் எண்ணினால் பல மடங்கு கூடுதலாக வருகிறது. "95 சதவீதம் சாகிறது" என்பது "95 சதவீதம் நம் குழாயில் இல்லை" என்பதன் செல்லப்பெயர்.

#7 மண்ணீரல்மணி

பாதி சரி. பிம் இல்லாத செல்கள் மண்ணீரலிலேயே கூடுதலாகத் தங்குகின்றன என்பது, இடம்பெயர்வு மட்டுமே காரணம் என்ற வாதத்தை முறிக்கிறது. பிம் மைட்டோகாண்ட்ரியா வழி இறப்பைத் தொடங்கி வைக்கும் புரதம். இடம்பெயர்வுக்கும் அதற்கும் நேரடித் தொடர்பு இல்லை. ஆனால் 95 என்ற எண்ணை உடம்பு முழுக்கப் பொருத்தக்கூடாது என்பதை ஏற்கிறேன்.

நிணநீரின் மூன்றாம் கேள்விதான் இழையின் உயிர். அதற்கு வருவோம்.

எட்டாம் நாளில் உள்ள செல்கள் ஒரே மாதிரி இல்லை. சிடி127 என்பது ஐஎல்-7 ஏற்பியின் ஒரு சங்கிலி. உச்ச நாளில் அது உயர்ந்திருக்கும் சிறுபான்மைதான் பின்னால் நினைவாக நிற்கிறது என்று 2003-இல் காட்டப்பட்டது. 2007-இல் இன்னொரு குறி சேர்ந்தது: கேஎல்ஆர்ஜி1 உயர்ந்து சிடி127 தாழ்ந்தவை குறுகிய ஆயுள் செல்கள், எதிர்மாறானவை நினைவின் முன்னோடிகள். தொடக்கத்தில் ஐஎல்-12 போன்ற அழற்சிக் குறிகள் மிகுந்தால் டி-பெட் என்ற ஜீன் இயக்கும் புரதம் கூடும், டி-பெட் கூடினால் செல் முதல் வகைப் பக்கம் சாயும்.

இனி கொலைக் கணக்கு. செல்லுக்குள் பிம் ஒரு பக்கம், அதைப் பிடித்து வைக்கும் பிசிஎல்-2, எம்சிஎல்-1 மறுபக்கம். உச்சத்தில் ஓடும் செல்களில் பிசிஎல்-2 தாழ்ந்திருக்கும். ஆன்டிஜெனும் ஐஎல்-2-உம் வற்றியதும் ஏகேடி என்ற பிழைப்புச் சமிக்ஞை இறங்கும், அது தடுத்து வைத்திருந்த ஃபாக்ஸோ3 என்ற புரதம் கருவுக்குள் போகும், பிம் ஜீன் இயங்கும். அந்த நேரம் ஐஎல்-7-ஐக் கேட்கக் காது உள்ள செல், அதாவது சிடி127 உள்ள செல், எஸ்டிஏடி5 என்ற சமிக்ஞைப் புரதம் வழியாகப் பிசிஎல்-2-வை ஏற்றிக்கொள்ளும். காது இல்லாதது விழும்.

இதில் பலர் தவறவிடும் ஒன்று: நினைவு செல்லில் பிம் குறைவு என்று பொருளல்ல. பிம்மைத் தாங்கும் அளவு பிசிஎல்-2 அதில் இருக்கிறது, அவ்வளவே. ஆகவே பிம்மை மட்டும் அளந்து வரைபடம் போடாதீர்கள். பிம், பிசிஎல்-2 இரண்டையும் ஒரே குழாயில் சாயமிட்டு விகிதம் பாருங்கள். பிம் ஆன்டிபாடிக்குச் சி34சி5 குளோன், எதிர்மறைக் கட்டுப்பாட்டுக்கு உங்கள் கையிலேயே பிம் இல்லாத செல் இருக்கிறது. ஐசோடைப்பை (எதையும் குறிவைக்காத ஒப்பீட்டு ஆன்டிபாடி) நம்ப வேண்டிய அவசியமே இல்லை.

பிம்மை நீக்கினால் காப்பாற்றப்படுவது யார் என்று இப்போது விளங்கும். முன்னோடிகள் எப்படியும் பிழைக்கப் போகிறவை, அவற்றுக்குப் பெரிய லாபமில்லை. லாபம் முழுவதும் சிடி127 தாழ்ந்த, கேஎல்ஆர்ஜி1 உயர்ந்த கூட்டத்துக்கு. 45-ஆம் நாளில் எண்ணிக்கை கூடும். ஆனால் கூடிய செல்கள் எட்டாம் நாள் ஆட்களே, வேலை முடிந்தும் வீட்டுக்குப் போகாதவர்கள். ஐஎல்-2 குறைவாகச் சுரக்கும், மறுமுறை பெருகுவதில் சோம்பல். ஆகவே "கூடுதல் நினைவு" என்று எழுத வேண்டாம். "கூடுதல் எச்சம்" என்று எழுதுங்கள்.

#8 திசுவாசி

கேஎல்ஆர்ஜி1 வந்தாலே மரண தண்டனை என்பதுபோல எழுதுகிறீர்கள். 2018-இல் கேஎல்ஆர்ஜி1-ஐ ஒருமுறை காட்டிய செல்லுக்கு நிரந்தரக் குறி போட்டுப் பின்தொடர்ந்தார்கள். அதில் ஒரு பகுதி கேஎல்ஆர்ஜி1-ஐக் கழற்றிவிட்டு நல்ல நினைவு செல்லாக, திசுவில் குடியேறும் செல்லாகவும் ஆனது.

#9 மண்ணீரல்மணி

ஏற்கிறேன். எட்டாம் நாள் குறி நிகழ்தகவு, தீர்ப்பல்ல. ஆனால் இதுவே என் பக்கத்துக்கும் வலு: குறியைக் கழற்ற அவகாசம் வேண்டும், அந்த அவகாசம் பிழைத்த செல்லுக்குத்தான் உண்டு.

மற்றொரு புரதத்தையும் பார்க்க வேண்டும். நாக்ஸா. இது எம்சிஎல்-1-ஐக் குறிவைக்கும். இது சுருக்கத்தில் அல்ல, பெருக்கத்தின்போதே வேலை செய்கிறது. கிளர்ந்த டி செல்களுக்குள் போட்டி நடக்கும்போது, ஆன்டிஜெனை இறுகப் பிடிக்கும் குளோன் (ஒரே ஏற்பி உள்ள செல் கூட்டம்) எம்சிஎல்-1-ஐ உயர்த்தி வைத்துக்கொள்ளும், தளர்வாகப் பிடிப்பது நாக்ஸாவுக்கு இரையாகும். நாக்ஸா இல்லாத எலியில் தளர்ந்த குளோன்களும் தேங்கும் என்று 2010-இல் காட்டினார்கள். பிம் எத்தனை பேர் என்பதைத் தீர்மானிக்கிறது என்றால், நாக்ஸா யார் யார் என்பதை. ஒரே ஏற்பி உள்ள பி14 செல்லில் இந்த இரண்டாவது வேலை தெரியவே தெரியாது. குளோன் தேர்வு பற்றிப் பேச வேண்டுமானால் எலியின் சொந்தச் செல்களை டெட்ராமரால் (குறிப்பிட்ட பெப்டைடை அடையாளம் காணும் டி செல்லில் ஒட்டும் சாயக் குறி) பார்க்க வேண்டும்.

#10 எலிவீடு

பாக்டீரியா மாதிரியில் ஒரு தகவல், நேர அட்டவணை போடும்போது உதவும். லிஸ்டீரியா கொடுத்து 24 மணி கழித்து ஆம்பிசிலின் கொடுத்தால் டி செல் பெருக்கமும் சுருக்கமும் பெரிதாக மாறாது. தொற்றுக்கு முன்பே ஆம்பிசிலின் கொடுத்துவிட்டால் பெருக்கம் நடக்கும், சுருக்கம் ஏறக்குறைய நடக்காது, சிடி127 உயர்ந்த செல்களின் பங்கும் கூடும். சிபிஜி (பாக்டீரியா டிஎன்ஏ போன்ற தூண்டி) கொடுத்து அழற்சியை மீட்டால் சுருக்கமும் திரும்பும். எவ்வளவு பேர் சாக வேண்டும் என்பது கிருமி இருக்கும் நாள்களைப் பார்த்து முடிவாவதில்லை, முதல் சில நாள் அழற்சியைப் பார்த்து முடிவாகிறது.

உங்களுக்கு இதன் பொருள்: வைரஸ் சாற்றை ஒரே தொகுதியிலிருந்து எடுங்கள், பிளாக் எண்ணிக்கையை அன்றே மறுபடி பாருங்கள். அளவு பிறழ்ந்தால் அழற்சி பிறழும், சுருக்கமும் பிறழும்.

#11 பிசெல்கட்சி

டி செல்காரர்கள் இரண்டு வாரச் சுருக்கத்தை வைத்துக்கொண்டு இவ்வளவு பேசுகிறீர்கள். ஜெர்மினல் சென்டரில் ஆறு மணி நேரத்துக்குள் பாதி பி செல் வரை சாகிறது. 2017-இல் சாகும் செல்லை உயிரோடு காட்டும் ரிப்போர்ட்டர் எலியில் அளந்தது இது. அங்கே பிழைப்பதுதான் விதிவிலக்கு.

சாவுக்கு இரண்டு காரணம், இடம் பொறுத்து. ஒளிப் பகுதியில் டி செல்லின் உதவி கிடைக்காததால் சாகும். இருள் பகுதியில் ஏஐடி நொதி ஆன்டிபாடி ஜீனைக் கிறுக்கி ஏற்பியையே உடைத்துவிட்டதால் சாகும். தளர்ந்த செல்லைத் தேடிப்பிடித்துக் கொல்வது என்பதைவிட, எல்லோருக்கும் கெடு வைத்துவிட்டு நல்லவற்றுக்குக் கெடுவை நீட்டிப்பது என்று சொன்னால் சரியாக இருக்கும். ஜீன்களை அடக்கும் பிசிஎல்-6 அங்கே பிசிஎல்-2-வை அமுக்கி வைக்கிறது, செல்கள் எம்சிஎல்-1 ஒன்றை நம்பித் தொங்குகின்றன. எம்சிஎல்-1 நீக்கினால் ஜெர்மினல் சென்டரும் இல்லை, பி செல் நினைவும் இல்லை.

பிணம் விழுங்கும் மேக்ரோஃபேஜுகளை 1880-களிலேயே வால்தர் ஃப்ளெமிங் பார்த்துவிட்டார். இந்தத் திட்டமிட்ட சாவுக்கு அப்போப்டோசிஸ் என்ற பெயர் வர 1972 ஆனது. நடுவில் ஒரு நூற்றாண்டுக்குப் பக்கம் அந்தக் கறைகள் ஸ்லைடில் சும்மா கிடந்தன.

இறப்பை நிறுத்தினால் இங்கேயும் அதே கதைதான். சாவைத் தடுக்கும் பிசிஎல்-எக்ஸ்எல் கூடுதலாக உள்ள எலியில் தளர்ந்த ஆன்டிபாடி சுரக்கும் செல்கள் எலும்பு மஜ்ஜையில் இடம் பிடிக்கின்றன. சராசரி இறுக்கம் குறைகிறது. பிம் இல்லாத எலியில் ஜெர்மினல் சென்டர் வழி வந்த நினைவு பி செல் தேங்குகிறது, அதிலும் பிடிப்பு தளர்ந்தவை நிறைய.

மனிதரில் பார்க்க ஆசையா? நோய்க்குறியியல் ஆய்வகத்தில் தினம் நடக்கிறது. வீங்கிய நிணநீர் முடிச்சுத் துண்டில் பிசிஎல்-2 சாயம் போடுங்கள். இயல்பான எதிர்வினை என்றால் ஃபாலிக்கிளின் நடு வட்டம் வெளுத்து, சுற்று வளையம் மட்டும் பழுப்பாக இருக்கும். நடு வட்டமே பழுப்பாக இருந்தால் ஃபாலிக்குலர் லிம்ஃபோமா என்ற சந்தேகம் எழும். 14-க்கும் 18-க்கும் இடையே குரோமோசோம் துண்டு இடம்மாறி, பிசிஎல்-2 ஜீன் ஆன்டிபாடி ஜீனின் கட்டுப்பாட்டில் மாட்டிக்கொண்டிருக்கும். சாக வேண்டிய செல் சாகும் உரிமையை இழந்த நிலை. அந்த நடு வட்டம் ஏன் வெளுத்திருக்கிறது என்று புரிந்தவருக்கு இந்த இழையில் பாதி புரிந்துவிடும்.

எச்சரிக்கை ஒன்று: சாயத்தைப் படிக்கும்போது நடு வட்டத்துக்குள் சிதறிக் கிடக்கும் டி செல்களும் பிசிஎல்-2 பாசிட்டிவ். சிடி3 சாயம் போட்ட பக்கத்துத் துண்டை வைத்துக் கழித்துப் பாருங்கள்.

#12 வார்டுபக்கம்

மனித மருத்துவப் பக்கம் சுருக்கமாக.

பிறவியிலேயே ஃபாஸ் வழி கெட்ட நோய் ஆட்டோஇம்யூன் லிம்ஃபோப்ரொலிஃபரேட்டிவ் சிண்ட்ரோம். 1967-இல் கேனலும் ஸ்மித்தும் விவரித்தது, 1995-இல் ஃபாஸ் ஜீனோடு இணைக்கப்பட்டது. நிணநீர் முடிச்சும் மண்ணீரலும் வீங்கும், ரத்த அணுக்களைத் தன்னுடலே தாக்கும். சந்தேகம் வந்தால் முதலில் பார்ப்பது சிடி4-உம் சிடி8-உம் இல்லாத, ஆல்ஃபா-பீட்டா ஏற்பி உள்ள டி செல். மொத்த லிம்ஃபோசைட்டில் 1.5 சதவீதம் அல்லது சிடி3 செல்களில் 2.5 சதவீதம் அளவை எட்டினால் கணக்கில் எடுக்கவேண்டும், லிம்ஃபோசைட் எண்ணிக்கை இயல்பாகவோ கூடுதலாகவோ இருக்கும் நிலையில். துணைக்கு வைட்டமின் பி12 மில்லிக்கு 1,500 பிகோகிராமுக்கு மேல், கரைந்த ஃபாஸ் லிகண்ட் 200 பிகோகிராமுக்கு மேல், ஐஎல்-10 20 பிகோகிராமுக்கு மேல். சத்து மாத்திரை சாப்பிடாத பிள்ளைக்குப் பி12 எகிறியிருந்தால் அதைக் கடந்து போகாதீர்கள்.

இழைக்குத் தேவையான விஷயம் இதுதான்: இந்த நோயாளிகளில் லிம்ஃபோசைட் வழிந்து கிடக்கும், ஆனால் சிடி27 உள்ள நினைவு பி செல் குறைந்திருக்கும். மண்ணீரலையும் எடுத்துவிட்டால் நியூமோகாக்கஸ் ரத்தத் தொற்று உயிருக்கு ஆபத்து. அதனால்தான் மண்ணீரலைத் தொடாமல் சைரோலிமஸ் அல்லது மைக்கோஃபீனொலேட் பக்கம் போகிறோம்.

சாதாரண மனிதரில் சுருக்கத்தைப் பார்க்க நல்ல வழி மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி, 17டி வகை. ஊசிக்கு இரண்டு வாரம் கழித்து ரத்தத்தில் கேஐ-67 (பெருகும் செல்லின் குறி) உயர்ந்து பிசிஎல்-2 தாழ்ந்த சிடி8 செல்கள் தனிக் கூட்டமாகத் தெரியும். டெட்ராமர் வேண்டாம், இந்த இரண்டு சாயமே போதும். ஒரு மாதத்தில் அந்தக் கூட்டம் கரையும், எஞ்சியவை பிசிஎல்-2-வை மீட்டிருக்கும். பெருகும் செல்லின் டிஎன்ஏவில் பதியும் கனநீர் குடிக்கவைத்துக் குறியிட்ட ஆய்வில், அந்த முதல் இரண்டு வாரத்தில் பெருகிய செல்களின் வழித்தோன்றல்களே நீண்டகால நினைவாக நிற்பது தெரிந்தது. அவை ஒருமுறை பிரிய ஓராண்டுக்கு மேல் எடுக்கின்றன.

#13 நிணநீர்

திசுவாசி சொன்னதால் கல்லீரலையும் சேர்த்துவிட்டேன். கல்லீரலில் குடியிருக்கும் செல்களைப் பிரித்து வெளியே வளர்க்கப் பார்த்தால் மண்ணீரல் செல்லைவிட வேகமாகச் சாகின்றன. இதுவும் பிம் தானா?

#14 திசுவாசி

இல்லை, இது உங்கள் கத்தரிக்கோல் செய்த கொலை.

திசுவை வெட்டும்போது செல்கள் உடைந்து என்ஏடி என்ற மூலக்கூறு வெளியே கொட்டும். எலியின் டி செல் மேல் ஏஆர்டிசி2.2 என்ற நொதி உண்டு. அது அந்த என்ஏடியிலிருந்து ஏடிபி-ரைபோஸை எடுத்துப் பி2எக்ஸ்7 என்ற ஏற்பியில் ஒட்டும். ஏற்பி திறந்தபடியே பூட்டிக்கொள்ளும், கால்சியம் உள்ளே பாயும், செல் சாகும். திசுவில் குடியிருக்கும் நினைவு செல்லிலும் ஃபாலிக்குலர் உதவி டி செல்லிலும் பி2எக்ஸ்7 ஏராளம். அதனால் அவைதான் முதலில் விழும்.

எல்லாவற்றையும் ஐஸில் வைத்தால் போதும் என்பார்கள். போதாது. ஒட்டும் வேலை 4 டிகிரியிலும் நடக்கும், 37 டிகிரிக்கு வந்ததும் சாவு வெளிப்படும். எலியைக் கொல்வதற்கு 15 முதல் 30 நிமிடம் முன் ஏஆர்டிசி2.2-ஐத் தடுக்கும் நானோபாடி (சிறிய ஆன்டிபாடித் துண்டு), எஸ்+16 என்பது அதன் பெயர், 50 மைக்ரோகிராம் நரம்பு வழி ஊசி. அவ்வளவுதான்.

தடுக்காமல் எடுத்த பழைய கல்லீரல் எண்ணிக்கைகளைச் சந்தேகத்தோடு பாருங்கள். மனித மாதிரிக்கு இது வேண்டாம், மனிதரில் அந்த ஜீன் செயலற்ற போலி ஜீன்.

#15 பிசெல்கட்சி

ஓரமாக ஒன்று. திட்டமிட்ட சாவு என்றாலே அப்போப்டோசிஸ் என்று இழை ஓடுகிறது. டி செல்லில் கேஸ்பேஸ்-8-ஐ நீக்கினால் சாவு குறையும் என்று எதிர்பார்ப்போம், ஆனால் கிளர்ந்த செல் பெருகவே முடியாமல் நெக்ரோப்டோசிஸில் (கேஸ்பேஸ் இல்லாமல் செல் உடைந்து சாகும் வழி) போகும். அந்த வழிக்குத் தேவையான ஆர்ஐபிகே3-ஐயும் சேர்த்து நீக்கினால் மீளும். சவ்வுக் கொழுப்பைக் காக்கும் ஜிபிஎக்ஸ்4 நொதி இல்லாவிட்டால் கொழுப்பு ஆக்சிஜனேற்றத்தால் ஃபெரோப்டோசிஸ் என்ற வேறொரு சாவு. எலிக்குத் தீவனத்தில் வைட்டமின் ஈ கூட்டிக் கொடுத்தால் ஓரளவு தாங்கும்.

சோதனைக்கு இதன் பொருள்: கேஸ்பேஸ் தடுப்பான் இசட்-வேட் போட்டுவிட்டு "சாவை நிறுத்தினேன்" என்று எழுதாதீர்கள். டிஎன்எஃப் இருக்கும் வளர்ப்பில் அது கதவை மூடி ஜன்னலைத் திறக்கும். இன்னொரு கேஸ்பேஸ் தடுப்பான் கியூ-விடி-ஓபிஎச் 10 மைக்ரோமோலார், கூடவே நெக்ரோப்டோசிஸ் தடுப்பான் நெக்ரோஸ்டாட்டின்-1எஸ். தனித்தனியாகவும் சேர்த்தும் நான்கு குழிகள்.

#16 நிணநீர்

திருத்திய திட்டம். இரண்டு வகையும் சேர்த்து 5,000, சிடி44 தாழ்ந்தவை, கலவை விகிதம் ஊசிக்கு முன் அளக்கப்படும். 8, 11, 15, 22, 45-ஆம் நாள்கள். மண்ணீரலோடு கல்லீரலும், எஸ்+16 போட்டு. கேஸ்பேஸ்-3, பிம், பிசிஎல்-2, கேஎல்ஆர்ஜி1, சிடி127. வெளியே 6 மணி நேரம் ஐஎல்-7 உடனும் இல்லாமலும். 45-ஆம் நாளில் இரு வகையையும் சம எண்ணிக்கை 10,000 பிரித்தெடுத்துப் புதிய எலிகளில் ஏற்றி, ஜிபி33 சுமக்கும் லிஸ்டீரியா கொடுத்து, ஏழாம் நாளில் எத்தனை மடங்கு பெருகின என்று எண்ணுவேன். ஒரு செல்லுக்கு எவ்வளவு நினைவு என்பது அதில் தெரிந்துவிடும்.

#17 மண்ணீரல்மணி

கடைசிப் படியில் ஓட்டை இருக்கிறது. மறுதொற்றிலும் செல்கள் சாகும். பிம் இல்லாத செல் அங்கேயும் சாகாது. ஏழாம் நாளில் கூடுதலாக நின்றால், நன்றாகப் பெருகியதா, சாகாமல் தேங்கியதா என்று பிரிக்க முடியாது. மோசமான நினைவுகூட நல்ல நினைவாகத் தெரியும்.

இரண்டு வழி. ஒன்று, ஏற்றுமுன் செல்களுக்கு செல்-ட்ரேஸ் வயலட் (ஒவ்வொரு பிரிவிலும் பாதியாகும் சாயம்) போட்டு 60–72 மணிக்குள், சாயம் கரைந்து தீரும் முன், பிரிவுகளை எண்ணுங்கள். கூடவே ஐஎல்-2 சுரப்பும், மூன்றாம் நாள் கல்லீரல் பாக்டீரியா எண்ணிக்கையும். பாக்டீரியா குறையவில்லை என்றால் செல் எத்தனை நின்று என்ன.

இரண்டாவது, ஒவ்வொரு வகையையும் சிடி127 உயர்ந்தது, தாழ்ந்தது என்று பிரித்துச் சம எண்ணிக்கையில் ஏற்றுங்கள். நான்கு குழு. பிம் இல்லாத, சிடி127 உயர்ந்த செல் பிம் உள்ள அதே வகைச் செல்லைப் போலவே நடந்துகொண்டால், குறை கலவையில்தான், செல்லில் இல்லை.

#18 எலிவீடு

சிடி127 தாழ்ந்த குழுவுக்கு பிம் உள்ள பக்கம் 45-ஆம் நாளில் செல் தேறாது. அதற்கு மட்டும் 15-ஆம் நாள் எலிகள் ஆறோ எட்டோ ஒதுக்கி வையுங்கள், பிம் இல்லாத பக்கத்தையும் அதே நாளில் எடுங்கள். மண்ணீரல்களை ஒன்றாகச் சேர்த்துத்தான் பிரிக்க வேண்டிவரும்.

பெருக்கக் கட்டத்தில் பிம் இல்லாததன் பாதிப்பையும் கழிக்க நினைத்தால், லாக்ஸ்பி சூழ்ந்த பிம், ஈஆர்டி2-க்ரி உள்ள பி14 (டமாக்ஸிஃபென் கொடுத்ததும் க்ரி நொதி பிம் ஜீனை வெட்டி நீக்கும்) வாங்கி எட்டாம் நாளிலிருந்து ஐந்து நாள் டமாக்ஸிஃபென். க்ரி மட்டும் உள்ள, லாக்ஸ்பி இல்லாத கட்டுப்பாட்டுக் குழுவுக்கும் அதே ஊசி. டமாக்ஸிஃபென் தானே செல்லைக் கொல்லும், அந்தக் குழு இல்லாமல் ஒரு எலியைக்கூடத் தொடங்காதீர்கள்.